ஒரு குடம் தண்ணியும் பத்து வகைப் பேதியும்: ராமநாதபுரம் கடலோரத்துல இருந்து

ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், அந்த 61 நாளும் விசைப்படகெல்லாம் கரையில கட்டிக் கெடக்கும், வெயில் மண்டையைப் பொளக்கும், அந்த நாள்லதான் எங்க லேப் கவுன்டருக்கு சின்ன பிளாஸ்டிக் டப்பா அதிகமா வரும். ராமநாதபுரம் கடலோரத்துல ஒரு சின்ன லேப்ல டெக்னீஷியனா இருக்கேன். மோஷன் டெஸ்டுக்குன்னு டப்பாவை நீட்டுறவங்க சொல்ற வார்த்தை ஒன்னுதான், "வயித்தால போகுது தம்பி". எத்தனை நாளா, தண்ணியாவா, சளி ரத்தம் கலந்தான்னு கேட்டா சங்கடப்பட்டுக்கிட்டு, "அதெல்லாம் எதுக்குப்பா, என்ன மாத்திரைன்னு மட்டும் சொல்லு"ம்பாங்க. அந்தக் கேள்வியில்தான் பாதி விஷயமே இருக்கு, அதைச் சொல்லத்தான் இதை எழுதுறேன்.

எங்க ஆத்தா காலத்துல இதுக்கு ஒரே பேரு கெடையாது. வாந்திபேதின்னா ஊரே பயப்படும். சீதபேதின்னா சளியும் ரத்தமுமா முக்கி முக்கிப் போறது. கழிச்சல்னா புள்ளைகளுக்குத் தண்ணியா போறது. இப்ப எல்லாத்துக்கும் சேத்து "லூஸ் மோஷன்"னு ஒரே சொல்லு வந்துருச்சு, அதுகூடவே ஒரே மாத்திரையும் வந்துருச்சு. ஆனா மைக்ராஸ்கோப்புல பாக்குறவனுக்குத் தெரியும், ஆத்தா சொன்ன பிரிவு கிட்டத்தட்ட சரியான பிரிவு, ஏன்னா குடல்ல எந்த இடத்துல என்ன நடக்குதுங்குறதைத்தான் அந்தப் பேருங்க சொல்லுது.

ஒரு நாளைக்கு நம்ம சிறுகுடலுக்குள்ள சுமார் 9 லிட்டர் தண்ணி வருது, நாம குடிக்கிறது ரெண்டு லிட்டர்னா மிச்சம் எச்சி, வயித்து அமிலம், பித்தம், கணைய நீருன்னு உடம்பே ஊத்துறது. அதுல பெரும்பகுதியை சிறுகுடலே திருப்பி உறிஞ்சிரும், ஒன்னு ஒன்றரை லிட்டர்தான் பெருங்குடலுக்குப் போகும், கடைசியில வெளிய போறது 100, 200 மில்லிதான். சிறுகுடல்ல இருக்கிற கிருமி இந்த உறிஞ்சுற வேலையைக் கெடுத்தாலோ இல்ல உடம்புத் தண்ணியைத் திருப்பிக் குடலுக்குள்ள கொட்ட வச்சாலோ அம்புட்டும் தண்ணியாவே போகும், காய்ச்சல் பெருசா இருக்காது, ரத்தம் இருக்காது. பெருங்குடல்ல போய் சுவத்தையே அரிக்கிற கிருமின்னா கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி, சளியும் ரத்தமுமா, வயிறு முறுக்கி முறுக்கி வலிச்சுப் போகும், காய்ச்சலும் அடிக்கலாம். முதல் வகையில ஆளைக் கொல்றது தண்ணி வத்திப்போறது, ரெண்டாவதுல அதோட சேந்து புண்ணும் விஷமும்.

முதல் வகைக்குத் தலைவன் காலரா, விப்ரியோ காலரே. பழைய கதைன்னு நெனைக்கிறவங்க நிறைய பேரு, எங்க பக்கத்து மண்ணுலயே அதோட தடம் இருக்கு. 1914ல பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடி வரைக்கும் ரயிலு, அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல்னு ஆன பொறகு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலி ஜனங்களை மண்டபத்துல கேம்ப் போட்டு நாள்கணக்குல நிறுத்தி வச்சு, காலரா அம்மை ஒன்னும் இல்லைன்னு பாத்துட்டுத்தான் கடல் தாண்ட விட்டாங்க. மண்டபம் கேம்ப்புங்குற பேரு அதுல வந்ததுதான், ஸ்டேஷன் பேரும் இன்னிக்கும் அதுதான். நாள்கணக்கு எதுக்குன்னா, காலரா கிருமி உள்ள போனா சில மணி நேரத்துல இருந்து அஞ்சு நாளுக்குள்ள வெளிய காட்டிரும், அது தாண்டிட்டா பெரும்பாலும் இல்லைன்னு அர்த்தம். வீட்டை விட்டுட்டு, கையில ஒரு மூட்டையோட அங்க உக்காந்து நாளை எண்ணிக்கிட்டிருந்த ஜனங்களை நெனச்சா எனக்கு இப்பவும் மனசு கனக்கும்.

இன்னொன்னும் சொல்லணும், 1992 அக்டோபர்ல மெட்ராஸ்ல ஒரு புது வகைக் காலரா கெளம்புச்சு, அதுவரைக்கும் கொள்ளையா பரவுற காலரான்னா ஓ1 வகை மட்டும்தான்னு உலகமே நெனச்சுக்கிட்டு இருந்துச்சு, இது ஓ139. மதுரைப் பக்கமும் பரவி, கொல்கத்தா, வங்கதேசம்னு கரையோரமா ஏறிப் போச்சு. முன்னாடி காலரா வந்து தப்பிச்ச பெரியவங்களையும் அது விடல, ஏன்னா பழைய எதிர்ப்பு சக்தி புதுசுக்குச் செல்லுபடி ஆகல.

கடலோரத்துல இருக்கிற நமக்கு இதுல ஒரு தனி விஷயம் இருக்கு. காலரா கிருமி மனுசன் குடல்ல மட்டும் வாழ்றது இல்ல, அதோட சொந்த வீடே உப்பும் நல்ல தண்ணியும் கலக்குற முகத்துவாரம்தான், நம்ம ஆற்றங்கரைங்குற ஊர்ல வைகை கடலைத் தொடுதே அந்த மாதிரி இடம். அங்க தண்ணியில மிதக்குற, கண்ணுக்குப் புள்ளி மாதிரி தெரியிற குட்டி எறா மாதிரி உயிருங்க இருக்கும், அதுங்க ஓட்டுல ஒட்டிக்கிட்டு இருக்கும் இந்தக் கிருமி. கிருமி தனியா மிதந்தா துணியில சிக்காது, ஆனா ஒட்டிக்கிட்டு இருக்கிற அந்த உயிரு சிக்கும். இதை வச்சுத்தான் வங்கதேசத்துல பழைய சேலையை நாலுல இருந்து எட்டு மடிப்பா மடிச்சு அதுல தண்ணியை வடிகட்டச் சொல்லி ஊர் ஊராப் பாத்தாங்க, 2003ல வந்த முடிவுப்படி காலரா 48 சதவீதம் கொறைஞ்சுச்சு. புதுச் சேலை வேணாம், துவைச்சுத் துவைச்சு நூல் உப்பிப்போன பழைய பருத்திச் சேலைதான் நல்லா வடிக்கும். குடத்து வாயில துணியைக் கட்டி ஊத்துற நம்ம பழைய பழக்கத்துக்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்குன்னு படிச்சப்ப உண்மையிலேயே சந்தோசமா இருந்துச்சு. ஆனா துணியை வெயில்ல காயப்போட்டு வச்சுக்கணும், ஈரத்தோட மூலையில போட்டா அதுவே நாறிப்போகும், வேற வழி இருந்தா கொதிக்க வைக்கிறதுதான் எப்பவும் மேல.

இன்னும் ஒரு கணக்கு, ஆரோக்கியமான ஆளுக்குக் காலரா வரணும்னா வெறும் தண்ணியில பத்து கோடி கிருமி அளவுக்கு உள்ள போகணும், வயித்து அமிலம் அம்புட்டையும் கொன்னுக்கிட்டே இருக்கும். அப்ப அமிலத்தைக் கொறைக்கிற கேஸ் மாத்திரையை டாக்டர் சொல்லாமலே மாசக்கணக்குல காலையில போட்டுக்கிட்டு இருக்கிறவங்க வாசக்கதவைத் தொறந்து வச்ச மாதிரி, கொஞ்சம் கிருமியே போதும். இதை யாரும் கடையில சொல்லிக் குடுக்குறது இல்லைங்குறதால இங்க சொல்றேன்.

மைக்ராஸ்கோப்புக்குக் கீழ ஒரு சொட்டு தொங்கவிட்டுப் பாத்தா காலரா கிருமி எரிகல் பாயுற மாதிரி சர்ரு சர்ருன்னு குறுக்க ஓடும், ஒரு தடவை பாத்தா மறக்காது. அதை டிசிபிஎஸ்னு ஒரு பச்சை நிறத் தட்டுல வளத்தா மஞ்சளா முளைக்கும். அதே தட்டுல பச்சையாவே முளைக்குற ஒரு தம்பியும் இருக்கான், விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ், நம்ம மீன்காரங்க தெரிஞ்சுக்க வேண்டிய ஆள் இவன்தான்.

1950ல ஜப்பான்ல ஒசாகாவுல காயவச்ச பொடி மீன் சாப்பிட்டு 272 பேருக்கு உடம்பு கெட்டு 20 பேரு செத்தாங்க, அப்பத்தான் ஃபுஜினோங்குற விஞ்ஞானி இதைப் பிரிச்செடுத்தாரு. 1996ல கொல்கத்தாவுல இதோட ஒரு புது வகை தலைகாட்டி உலகம் பூரா போச்சு. இவனுக்கு உப்பு இருந்தாத்தான் உயிரு, அதனால வெதுவெதுப்பான கடல்ல இயல்பாவே இருப்பான், மீன் மேல, நண்டு மேல, எறா மேல, கணவா மேல. தோதான சூட்டுல பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா ரெண்டு மடங்காப் பெருகுவான், அப்ப ஐஸ் பத்தாம மதிய வெயில்ல கூடையில நாலு மணி நேரம் இருந்த எறாவுல என்ன ஆகியிருக்கும்னு கணக்குப் போட்டுப் பாருங்க.

"நாங்க என்ன பச்சையாவா திங்கிறோம்"னு ஒரு அக்கா கேட்டாங்க, நியாயமான கேள்வி. கொதிக்கிற கொழம்புல இவன் நிக்க மாட்டான், ஆனா அருவாமனையில நிப்பான். மீன் வெட்டுன அருவாமனையை ஒரு தண்ணி ஊத்திட்டு அதுலயே வெங்காயம், வெள்ளரிக்கா நறுக்குறோம், மீன் கழுவுன கையோட புள்ளைக்கு ஒரு கடி ஊட்டுறோம், வறுத்த மீனைப் பச்சை மீன் இருந்த அதே தட்டுல திருப்பி வைக்கிறோம், வழி அதுதான். கரையோரத்து அழுக்குக் கடல் தண்ணியிலயே மீனைக் கழுவிக் கூடையில அடுக்குறது இன்னொரு வழி, கரையில மனுசக் கழிவும் படகுக் கழிவும் கலந்து கெடக்கும், மீன் சுத்தமா வந்து கரையில அழுக்காகுது. இவன்கிட்ட ஒரு பலவீனம், நல்ல தண்ணி தாங்க மாட்டான், அதனால வீட்டுக்கு வந்ததும் குழாத் தண்ணியில ரெண்டு மூணு தடவை அலசுறது உண்மையிலேயே வேலை செய்யும். ஆனா நல்ல தண்ணியைக் குடக்கணக்குல எண்ணிப் புழங்குற வீட்டுல மூணு தடவை அலசுன்னு சொல்றது எம்புட்டு கஷ்டம்னு எனக்குத் தெரியும்.

மீன்ல இன்னொன்னும் இருக்கு, சூரை, கானாங்கெளுத்தி மாதிரி கருஞ்சதை மீனை வெயில்ல போட்டா பாக்டீரியா அதுல ஹிஸ்டமின்னு ஒரு பொருளை உண்டாக்கிரும், அந்தப் பொருள் கொதிக்க வச்சாலும் போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல முகம் செவந்து, தலை வலிச்சு, தடிப்பு வந்து, வயித்தால போகும். மீன் ஒத்துக்கல, அலர்ஜின்னு வாழ்நாள் பூரா சூரையை விட்டவங்க இருக்காங்க, பல நேரம் குத்தம் மீன்ல இருக்காது, ஐஸ்ல இருக்கும்.

இப்ப தண்ணிக்கு வர்றேன். ராமேஸ்வரம் தீவுலயும் தனுஷ்கோடி மணல்லயும் கையால தோண்டுனா நல்ல தண்ணி ஊறும், பாத்தவங்களுக்கு அதிசயமா இருக்கும். மழைத் தண்ணி மணல் வழியா எறங்கி, கனமான உப்புத் தண்ணி மேல மிதக்குது, கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நின்னா கீழ நாப்பது அடிக்கு நல்ல தண்ணி இருக்கும்னு ஒரு கணக்கு. ரொம்ப உறிஞ்சுனா கீழ இருந்து உப்பு ஏறிரும். இந்த ஊத்துத் தண்ணி மேலாக்க இருக்கிறதால எடுக்க லேசு, கெடுக்கவும் லேசு. கக்கூஸ் குழியில இருந்து எறங்குற தண்ணியை மண்ணு வடிகட்டணும், அதுக்கு ஆழமும் தூரமும் நேரமும் வேணும், எங்க மணல்ல ரெண்டு மூணு அடியில தண்ணி வந்துரும், பெருமணல் வேற, சீக்கிரமா ஓடிரும். வீடு நெருக்கமா இருக்கிற கடற்கரைத் தெருவுல குழியும் ஊத்தும் பக்கத்துப் பக்கத்துல இருந்தா ஒரு வீட்டுப் பேதி அடுத்த வீட்டுக் குடத்துக்குப் போறதுக்கு ரொம்ப நாள் ஆகாது. ஊத்துப் பக்கத்துல கக்கூஸ் குழி வேணாம்னு சண்டை போட்டாவது நிறுத்தணும்ங்குறது என் கருத்து.

காவிரி கூட்டுக் குடிநீர் வந்த பொறகு நெலமை மாறிருக்குதான், திருச்சிப் பக்கத்துல எடுத்து இம்புட்டு தூரம் கொண்டு வர்றது சின்ன வேலை இல்ல. பிரச்சனை என்னன்னா தண்ணி எந்நேரமும் வராது. வர்ற நேரத்துல பைப்புக்குள்ள அழுத்தம் இருக்கும், விரிசல் இருந்தாலும் தண்ணி வெளியதான் கசியும். நின்ன பொறகு பைப்பு காலியாகும்போது உள்ள வெத்திடம் உண்டாகி, அதே விரிசல் வழியா வெளிய தேங்கிக் கெடக்குற சாக்கடையை உள்ள இழுக்கும். இதுல கடைசித் தெருவுக்கு வேகம் பத்தலைன்னு தரையைத் தோண்டி குழிக்குள்ள பைப்பை எறக்கி வச்சிருப்போம், அந்தக் குழியில கைகால் கழுவுன தண்ணி, மழைத் தண்ணி எல்லாம் நிக்கும், பைப்பு வாய் அதுலயே முங்கிக் கெடக்கும். இன்னொரு பக்கம் சில வீட்டுல மோட்டாரைப் போட்டு லைன்ல உறிஞ்சுவாங்க, அந்த உறிஞ்சுல எல்லார் வீட்டு விரிசலும் சேந்து இழுக்கும். அதனாலதான் தண்ணி வந்த முதல் அஞ்சு நிமிஷத்தைக் குடிக்கப் புடிக்கக் கூடாதுங்குறது, பாத்திரம் கழுவ, செடிக்குன்னு தனியா புடிச்சு வச்சுக்கலாம், வீணாகாது.

டேங்க்ல ப்ளீச்சிங் பவுடர் போட்டாலும் அதுல குளோரின் குழாய்க் கடைசி வரைக்கும் மிச்சம் இருக்கணும், லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கணும்னு இந்தியத் தர விதி சொல்லுது, போட்டு அரை மணி நேரமாவது விடணும். மூட்டையைப் பிரிச்சு வச்சா எங்க உப்புக்காத்துல பவுடர் சத்தெல்லாம் போயிரும், வெறும் சுண்ணாம்புதான் மிச்சம். பஞ்சாயத்து ஆபரேட்டர்கிட்ட குளோரின் அளக்குற குளோரோஸ்கோப் வச்சுப் பாக்கச் சொல்லிக் கேக்குறது சண்டை இழுக்குறது ஆகாது, கடைசித் தெருக்குழாயில பாருங்கன்னு கேளுங்க. இன்னொரு எளிய சோதனை இருக்கு, 1982ல குவாலியர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க கண்டுபுடிச்ச சின்ன பாட்டில், தண்ணியை ஊத்தி ஒரு நாள் ரெண்டு நாள் வச்சா மலக்கிருமி இருந்தா கருப்பா மாறிரும், படிக்காதவங்களும் பாத்துச் சொல்லலாம்.

குடத்துக்கு வந்த பொறகும் கதை முடியல. கேன் தண்ணியோ காவிரித் தண்ணியோ, எவ்வளவு சுத்தமா வந்தாலும் சொம்பைப் போட்டு மோக்குறப்ப விரல் நுனி தண்ணியில நனையுது பாருங்க, அங்கதான் ஷிகெல்லா எறங்குது. சீதபேதிக்கு முக்கியமான காரணம் இதுதான், 1897ல ஜப்பான்ல கியோஷி ஷிகா கண்டுபுடிச்சது. காலராவுக்குக் கோடிக்கணக்குல வேணும்னேன் இல்லையா, இதுக்குப் பத்துல இருந்து நூறு கிருமி போதும், நகக்கண்ணுல ஒட்டுனது போதும், ஈ கால்ல ஒட்டுனது போதும். அதனால இது தண்ணி கெட்டா மட்டும் வர்ற நோய் இல்ல, தண்ணி கொறைஞ்சாலே வரும். கோடையில ஒரு குடத்துக்குத் தள்ளுவண்டியில ரெண்டு கிலோமீட்டர் போய்ட்டு வர்ற வீட்டுல முதல்ல கொறைக்கிறது சமையலை இல்ல, கை கழுவுறதை. எனக்குத் தெரிஞ்சு தடைக்காலத்துல டப்பா கூடுறதுக்குப் பெரிய காரணம் இதுதான், வருமானமும் இல்ல, தண்ணி வாங்கக் காசும் இல்ல, வெயிலும் ஈயும் கூடிப்போகும். கை கழுவ நல்ல தண்ணிதான் வேணும்னு இல்ல, சோப்புப் போட்டா உவர்த்தண்ணியே போதும், நுரை கம்மியா வரும் அவ்வளவுதான். குடத்துக்கு நீட்டுக் கைப்புடி வச்ச அகப்பையோ இல்ல குழாய் வச்ச பானையோ இருந்தா விரல் உள்ள போகாது, ரொம்பச் சின்ன மாத்தம், பலன் பெருசு. செம்புப் பாத்திரத்துல ராத்திரி ஊத்தி வச்சுக் குடிக்கிற பழக்கமும் சும்மா இல்ல, பெங்களூருல ஆராய்ச்சி பண்ணி 2012ல போட்டாங்க, 16 மணி நேரம் செம்புல இருந்த தண்ணியில காலரா, ஷிகெல்லா, சால்மொனெல்லா, ஈ.கோலைன்னு போட்ட பேதிக் கிருமி வளரவே இல்ல. அது பாக்டீரியாவுக்குச் சொன்னது.

பாக்டீரியா இல்லாத இன்னொரு கூட்டம் இருக்கு, ஒட்டுண்ணிங்க, இதுங்களுக்குக் குளோரின் பெருசா உறைக்காது. காரணம், வெளிய வர்றப்ப ஒரு தடிச்ச ஓட்டுக்குள்ள சுருண்டுக்கிட்டு முட்டை மாதிரி வரும், அதை சிஸ்டுன்னு சொல்லுவோம், ஈர மண்ணுலயும் தண்ணியிலயும் வாரக்கணக்குல உயிரோட கெடக்கும். ஜியார்டியாவை 1681லயே டச்சுக்காரர் லேவன்ஹுக் தன்னோட பேதியைத் தானே லென்ஸ்ல வச்சுப் பாத்துக் கண்டாரு. மைக்ராஸ்கோப்புல பாத்தா ரெண்டு கண்ணு வச்ச மூஞ்சி நம்மளையே பாக்குற மாதிரி இருக்கும், மரத்துல இருந்து இலை உதுந்து ஆடி ஆடி விழுற மாதிரி நீந்தும். இது வந்தா ரத்தம் வராது, காய்ச்சல் வராது, ஆனா எண்ணெய் மாதிரி, நாத்தமா, வாரக்கணக்குல போகும், ஏப்பம் முட்டை நாத்தம் அடிக்கும், கொழுப்பு உறிஞ்ச முடியாம புள்ளை எளைச்சுக்கிட்டே வரும். வீட்டுல "பல்லு முளைக்குது அதான்", "உரம் விழுந்திருக்கு", "தொக்கம் எடுக்கணும்"னு மாத்தி மாத்திப் பாத்துட்டு ரெண்டு மாசம் கழிச்சு எங்ககிட்ட வர்ற புள்ளைகளைப் பாத்திருக்கேன், தாயைக் குத்தம் சொல்ல மனசு வராது, அவங்களுக்கு யாரும் சொன்னதில்லை. ரெண்டு வாரத்துக்கு மேல இழுத்தா ஒட்டுண்ணியான்னு பாக்கணும்.

கிரிப்டோஸ்போரிடியம்னு ஒன்னு, பேரு நீளம், உருவம் ஒரு மில்லிமீட்டரை இருநூறு பங்கு போட்டா ஒரு பங்கு. 1993ல அமெரிக்காவுல மில்வாக்கி ஊர்ல நகராட்சித் தண்ணி வழியா சுமார் 4 லட்சம் பேருக்குப் பேதி வந்துச்சு, குளோரின் போட்ட தண்ணிதான் அது, வடிகட்டுற எடத்துல தவறுச்சு. பணக்கார ஊருக்கே அப்படின்னா என்ன சொல்ல. 2013ல ஆப்பிரிக்கா, தெற்காசியான்னு ஏழு நாட்டுல, நம்ம கொல்கத்தாவும் சேத்து, சின்னப் புள்ளைகளோட கடுமையான பேதிக்குக் காரணம் தேடுனப்ப ரோட்டா வைரஸ், கிரிப்டோ, விஷம் சுரக்குற ஒரு வகை ஈ.கோலை, ஷிகெல்லா இந்த நாலும்தான் முன்னுக்கு வந்துச்சு. கிரிப்டோ இம்புட்டு மேல இருக்கும்னு அதுவரைக்கும் யாரும் நெனைக்கல, ஏன்னா சாதாரணமா பாத்தா கண்ணுல படாது, தனிச் சாயம் போட்டாத்தான் செவப்புப் புள்ளியாத் தெரியும், டாக்டர் கேட்டு எழுதுனாத்தான் லேப்ல போடுவோம். ரோட்டா வைரஸுக்கு 2016ல இருந்து அரசே சொட்டு மருந்து குடுக்க ஆரம்பிச்சுருச்சு, அதை விட்டுறாதீங்க. ஒட்டுண்ணிகளுக்கு எதிரா இருக்கிற நல்ல ஆயுதம் கொதிக்க வைக்கிறதுதான், தளதளன்னு ஒரு நிமிஷம் கொதிச்சாப் போதும், நல்லா இருக்கிற ஆர்ஓ மெஷினும் தடுக்கும்.

அமீபா பத்தித் தனியாச் சொல்லணும், ஏன்னா ரிப்போர்ட்ல "அமீபா சிஸ்ட்"னு பாத்ததும் ஊரே மாத்திரை முழுங்குது. என்டமீபா ஹிஸ்டோலிட்டிகா உண்மையிலேயே ஆபத்தானது, குடல்ல குடம் மாதிரி குழிச்சுப் புண்ணு போடும், சில பேருக்கு ரத்தத்துல ஏறி கல்லீரல்ல சீழ் கட்டும், வலது விலாவுக்குக் கீழ வலியும் காய்ச்சலுமா வருவாங்க, பேதியே இருந்திருக்காது. யாழ்ப்பாணத்துல இந்தக் கல்லீரல் கட்டி வந்தவங்களைப் பாத்தப்ப பெரும்பாலும் கள்ளு குடிக்கிற ஆம்பளைங்கதான், இந்தியாவுலயும் அப்படித்தான் பாத்திருக்காங்க. ஆனா என்டமீபா டிஸ்பார்னு அச்சு அசலா அதே மாதிரி இருக்கிற ஒரு சாதுவும் இருக்கு, சிஸ்டை மைக்ராஸ்கோப்புல பாத்து ரெண்டையும் பிரிக்கவே முடியாது. ரத்தச் செவப்பணுவை முழுங்கிட்டு ஓடுற அமீபாவைக் கண்டா மட்டும்தான் நான் தைரியமாச் சொல்லுவேன்.

இதெல்லாம் தெரிஞ்சா கடையில கேட்டு வாங்குற அந்த ரெட்டை மாத்திரை, ஓஃப்ளாக்ஸசினும் ஆர்னிடசோலும் கலந்தது, எம்புட்டு குருட்டு அடின்னு புரியும். பாதிப் பேதி வைரஸ், இல்ல தானா நிக்கிற வகை, அதுக்கு ரெண்டுமே வேணாம். வேணும்ங்குற ஷிகெல்லாவுக்கோ அந்த மருந்து பல இடத்துல கேக்குறதே இல்ல, நாமளே தின்னு தின்னு பழக்கிட்டோம். போறதை டக்குன்னு நிறுத்துற மாத்திரையைப் புள்ளைகளுக்கும் ரத்தபேதிக்கும் குடுக்கவே கூடாது, உள்ள இருக்கிற விஷம் வெளியேறாம தங்கிரும்.

எல்லா வகைக்கும் பொதுவா வேலை செய்யுறது ஒன்னே ஒன்னு, உப்பு சக்கரைத் தண்ணி. ஏன் வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா நம்பிக்கை வரும். 1959ல கொல்கத்தாவுல சம்புநாத் டேங்குற டாக்டர் முயல் குடல்ல ஒரு துண்டை ரெண்டு பக்கமும் கட்டிப் பாத்து, காலரா கிருமி குடலைத் தின்னுறது இல்ல, ஒரு விஷத்தைச் சுரந்து தண்ணியைக் கொட்ட வைக்குதுன்னு காட்டுனாரு. அப்ப குடல் சுவரு அப்படியேதான் இருக்கு, அதுல சக்கரையும் உப்பும் கைகோத்துக்கிட்டு வந்தா உள்ள விடுற ஒரு கதவு இருக்கு, காலராவுலயும் அந்தக் கதவு மூடுறதில்லை, அதுங்க பின்னாடியே தண்ணியும் வந்துரும். 1971 வங்கதேசப் போர்ல பன்காவ் அகதி முகாம்ல குளுக்கோஸ் பாட்டில் தீந்துபோனப்ப திலீப் மஹலனாபிஸ் இந்தக் கரைசலை டிரம்முல கலந்து, சொந்தக்காரங்களையே டம்ளர்ல மோந்து குடுக்கச் சொன்னாரு, முப்பது சதவீதம் வரைக்கும் இருந்த சாவு 3.6 சதவீதமா எறங்குச்சு. மண்டபத்துல அகதியா வந்து எறங்குன ஜனங்களைப் பாத்து வளந்தவன் நான், அந்த முகாம் கதையைப் படிக்கிறப்பல்லாம் கண்ணு கலங்கும்.

ஓஆர்எஸ் பாக்கெட் ஆரம்ப சுகாதார நிலையத்துல சும்மாவே குடுக்குறாங்க, ஒரு பாக்கெட் முழுசும் ஒரு லிட்டர்ல, டம்ளர்ல கொஞ்சமாப் போட்டுக் கலக்காதீங்க. இல்லாத நேரத்துக்கு ஒரு லிட்டர் ஆறுன கொதிதண்ணியில சின்ன டீஸ்பூன்ல தலைதட்டி ஆறு சக்கரை, அரை உப்பு. உப்பு கூடுனா ஆபத்து, கண்ணீரை விட கரிக்கக் கூடாது. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சித் தண்ணியும் நல்லாவே வேலை செய்யும், காலராவுலயே சோதிச்சுப் பாத்தது. கலர் டப்பாவுல வர்ற இனிப்புத் தண்ணியைக் குடுக்காதீங்க, சக்கரை ரொம்ப கூடுனா அதுவே உடம்புத் தண்ணியைக் குடலுக்குள்ள இழுத்து இன்னும் போகவைக்கும். ஓஆர்எஸ்னு பேரைப் போட்டு அந்த மாதிரித் தண்ணியை விக்கக் கூடாதுன்னு 2025 அக்டோபர்ல உணவுத் தரத்தைக் கண்காணிக்கிற எஃப்எஸ்எஸ்ஏஐ உத்தரவே போட்டுச்சு. புள்ளைக்கு துத்தநாக மாத்திரை, ஆறு மாசத்துக்கு மேலன்னா 20 மில்லிகிராம், கீழன்னா 10, பேதி நின்னாலும் பத்துல இருந்து பதினாலு நாள் குடுக்கணும், தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. உச்சிக்குழி உள்வாங்கிருச்சு, அழுதா கண்ணீர் வரல, வயித்துத் தோலைக் கிள்ளிவிட்டா மெதுவா எறங்குது, ஆறு மணி நேரமா ஒன்னுக்குப் போகல, குடிக்கவே மாட்டேங்குது, ரத்தம் போகுது, இதுல ஒன்னு இருந்தாலும் விடியட்டும்னு இருக்காதீங்க, ஆட்டோ புடிச்சுருங்க.

டெஸ்டுக்கு வர்றவங்களுக்கு, டப்பாவைக் காலையில எடுத்து வச்சுட்டு மத்தியானம் கொண்டு வராதீங்க. உயிரோட ஓடுற அமீபா அரை மணி நேரத்துல செத்து உருத் தெரியாமப் போயிரும், அப்புறம் நான் எதைப் பாத்து எழுத. சளியோ ரத்தமோ இருக்கிற பகுதியை எடுங்க, ஒன்னுக்குத் தண்ணி கலந்துறாமப் பாத்துக்கங்க, மாத்திரை போடுறதுக்கு முன்னாடி எடுங்க. ஜியார்டியா சந்தேகம்னா ஒரு நாள்ல தெரியாமப் போகலாம், நாள் விட்டு நாள் மூணு தடவை குடுங்க. கவுன்டர்ல நான் கேக்குறப்ப வெக்கப்படாம எத்தனை நாளா, எப்படிப் போகுது, வீட்டுல வேற யாருக்கு, தண்ணி எங்க புடிக்கிறீங்கன்னு சொல்லுங்க, அதை சீட்டோட மூலையில எழுதி டாக்டருக்கு அனுப்புவேன்.